கோலிக்குண்டும் அணுகுண்டும்

கிறிஸ்டோபர் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வரும். தங்கமீன் விடுவார்களே, அந்த உருண்டைத் தொட்டி. பக்கத்தில் ஓர் ஒயின் கோப்பை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அணுகுண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கூட்டம் நடக்கும்போது, அதன் இயக்குநரான இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் அவ்வப்போது கோலிக்குண்டுகளை எடுத்து அவற்றில் போடுவார். தொட்டியில் விழுவது யுரேனியக் கணக்கு, கோப்பையில் விழுவது புளூட்டோனியக் கணக்கு. முதலில் அடியில் கொஞ்சம் உருளும். படம் நகர நகர நிறையும். நிறைந்ததும் குண்டு தயார்.

திரைக்கதை உத்தியாக இதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷ உற்பத்தியை ரசிகன் ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறான். எனக்குத்தான் அது தொண்டையில் சிக்கியது. ரசாயன ஆலையில் ப்ராசஸ் என்ஜினியராகக் காலம் தள்ளுகிறவன் நான். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை வந்த பொருளை டன் கணக்கில் எடுப்பதற்குள் எத்தனை கசிவு, எத்தனை ராத்திரி ஷிப்ட், எத்தனை வசவு என்று பார்த்தவன். அந்தக் கோலிக்குண்டுகளை ஓப்பன்ஹைமரின் கையில் கொண்டுவந்து கொடுத்தது யார்?

2023 ஜூலையில் தியேட்டரில் பார்த்தபோது இந்தக் கேள்வி லேசாகத்தான் எழுந்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. பிற்பாடு எங்கள் ஆலையில் போர்டு ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரோடு வீட்டில் உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். விசாரணைக் காட்சிகளில் அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்: “எல்லாம் சரி தம்பி, பிளான்ட் எங்க? பந்தியக் காட்டினான், கோட்டையடுப்பக் காட்டவே இல்லையே?”

குண்டு செய்யும் அந்த ரகசிய முயற்சிக்கு மன்ஹாட்டன் திட்டம் என்று பெயர். அதன் மொத்தச் செலவு அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டாலர். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் டென்னசியில் இருந்த ஓக் ரிட்ஜ் ஆலைகளுக்குப் போயிற்று. இன்னொரு இருபது சதவீதம் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டுக்கு. படம் முக்கால்வாசி நேரம் சுற்றிச்சுற்றி வரும் லாஸ் அலமோஸுக்குக் கிடைத்தது நூற்றுக்கு நான்கு பங்கு. 1944இல் திட்டம் உச்சத்தில் இருந்தபோது 1,25,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்றே தெரியாது.

என்ன செய்தார்கள்? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235. மிச்சமெல்லாம் 238. இரண்டும் ரசாயன குணத்தில் ஒன்றே. அமிலம் ஊற்றியோ காய்ச்சியோ பிரித்துவிட முடியாது. எடையில் இருக்கும் சிறு வித்தியாசம் ஒன்றுதான் பிடி. ஓக் ரிட்ஜின் ஒய்-12 ஆலையில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் வடிவமைத்த கலூட்ரான் என்ற கருவிகளில் யுரேனிய அயனிகளைக் காந்தப் புலத்துக்குள் அரைவட்டமாக ஓடவிட்டார்கள். லேசானது கொஞ்சம் உள்வட்டத்தில் திரும்பும், கனமானது வெளிவட்டத்தில். இரண்டுக்கும் தனித்தனிப் பை. கேட்கச் சுலபம். ஆனால் காந்தங்களுக்குச் சுருள் சுற்றச் செம்பு கிடைக்கவில்லை, போருக்கே பற்றாக்குறை. அதனால் அமெரிக்கக் கருவூலத்தில் கிடந்த வெள்ளியைக் கடன் கேட்டார்கள். கேட்கப் போனவர் கென்னத் நிக்கல்ஸ் என்ற ராணுவ அதிகாரி. இத்தனை ஆயிரம் டன் வேண்டும் என்று அவர் சொன்னதும், “நீங்கள் வெள்ளியை டன்னில் நினைக்கலாம், கருவூலம் எப்போதும் டிராய் அவுன்ஸில்தான் நினைக்கும்” என்று அங்கிருந்த அதிகாரி பதில் சொன்னாராம். நிக்கல்ஸ் பின்னாளில் எழுதியது. கடைசியில் 14,000 டன்னுக்கு மேல் வாங்கி, கம்பியாக இழுத்துச் சுற்றினார்கள். அந்த வெள்ளியில் கடைசிப் பகுதி கருவூலத்துக்குத் திரும்பியது 1970இல்.

அந்தக் கலூட்ரான்களை ஓட்டியவர்கள் யார் தெரியுமா? டென்னசி கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பலர் அப்போதுதான் பள்ளி முடித்திருந்தார்கள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் மீட்டர் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, குமிழைத் திருப்புவது வேலை. முள் எதைக் காட்டுகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. லாரன்ஸின் முனைவர் பட்டக்காரர்களைவிட இந்தப் பெண்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்று நிக்கல்ஸ் சொல்ல, லாரன்ஸ் ஒப்புக்கொள்ளாமல் பந்தயம் வைத்தார். பெண்கள் ஜெயித்தார்கள். காரணம் எந்தக் கன்ட்ரோல் ரூமிலும் பார்க்கக்கூடியது. படித்தவர்கள் முள் ஆடினால் ஏன் ஆடுகிறது என்று நோண்ட ஆரம்பிப்பார்கள். ஆபரேட்டர் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த ரீடிங்குக்குப் போவார். இதை அண்ணனிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓக் ரிட்ஜின் இன்னொரு ஆலையான கே-25 இன்னும் பெரிய கூத்து. ஒவ்வொரு கையும் அரை மைல் நீளத்தில், ‘யூ’ வடிவக் கட்டடம். அதற்குள் யுரேனியம் ஹெக்ஸாஃபுளூரைடு வாயுவை நுண்துளை நிக்கல் தடுப்புகள் வழியே ஆயிரக்கணக்கான கட்டங்களில் செலுத்தவேண்டும். தண்ணீரோடு சேர்ந்தால் கண்டதையும் அரிக்கும் சரக்கு அது. பம்புக்கு சீல் எதில் செய்வது, தடுப்பை எதில் செய்வது என்றே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எந்த ஆலையும் தனியாகக் கரைசேரவில்லை. கடைசியில் ஒன்றின் விளைச்சலை அடுத்ததற்குத் தீனியாகக் கொடுத்துத் தொடராக ஓட்டித்தான் ஹிரோஷிமாவுக்கான 64 கிலோ யுரேனியம் சேர்ந்தது. இந்தத் தொடர் யோசனைக்கு வித்திட்டவர்களில் ஓப்பன்ஹைமரும் ஒருவர். 1944 வசந்தத்தில், யுரேனியத்தைப் பிரிக்கும் இன்னொரு வழியான வெப்பப் பரவல் முறையைக் கைவிட்டது தவறு, லேசாகச் செறிவூட்டிய சரக்கை அதில் எடுத்து மற்ற ஆலைகளுக்குக் கொடுக்கலாம் என்று திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸுக்கு எழுதினார். அவருடைய மூளை ஆலைக்குள் நுழைந்து வேலை செய்த நேரம் அது. படத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

எனக்கு மிகப் பிடித்த கதை ஹான்ஃபோர்டுடையது. கொலம்பியா ஆற்றங்கரையில் யுரேனியத்திலிருந்து புளூட்டோனியம் எடுப்பதற்காக டூபாண்ட் நிறுவனம் கட்டிய பி-ரியாக்டரை 1944 செப்டம்பர் கடைசியில் ஓட்ட ஆரம்பித்தார்கள். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியே அங்கே இருந்தார். சக்தி ஏறியது. சில மணி நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, இறங்க ஆரம்பித்தது. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தும் அணைந்துவிட்டது. மறுநாள் தானாக உயிர் வந்தது, பிறகு மறுபடி படுத்தது. ஸ்டார்ட்அப் ராத்திரியில் நின்றவர்களுக்கு அந்த வயிற்றுப் புரட்டல் தெரியும். ஜான் வீலரும் ஃபெர்மியும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்: பிளவின்போது உண்டாகும் அயோடினிலிருந்து செனான்-135 பிறக்கிறது, அது நியூட்ரான்களை அடங்காப் பசியோடு விழுங்குகிறது, ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகச் சிதைவதால் பிறகு ரியாக்டர் மூச்சுவிடுகிறது.

தீர்வு ஏற்கெனவே கட்டடத்தில் இருந்தது என்பதுதான் இதில் ருசி. சிகாகோ இயற்பியலாளர்கள் 1,500 எரிபொருள் குழாய்கள் போதும் என்றார்கள். டூபாண்ட் என்ஜினியர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று மூலைகளிலும் துளைபோட்டு 2,004 ஆக்கியிருந்தார்கள். வீண்செலவு, தாமதம் என்று அப்போது இயற்பியலாளர்களுக்கு எரிச்சல். அந்த 504 குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானை மீறி ரியாக்டர் ஓடியது. நாகசாகியில் வெடித்த புளூட்டோனியம் அந்தக் கூடுதல் துளைகளின் தயவில் வந்தது. டிசைன் மார்ஜினுக்காகக் கணக்குப் பிரிவிடம் திட்டு வாங்கும் என் தொழில்காரர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம், எதற்குப் பயன்பட்டது என்பதை மறக்க முடிந்தால்.

இதையெல்லாம் ஒரு மூன்று மணி நேரப் படத்தில் அடைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கைப் படம் என்றால் கேமரா அவர் பின்னால்தான் போகும். அது பரவாயில்லை. அந்த மனிதர் உண்மையிலேயே என்ன செய்தார் என்பதிலாவது கேமரா நிற்க வேண்டும் அல்லவா?

படம் நமக்குக் காட்டும் ஓப்பன்ஹைமர் சிந்தனையாளர். மழைத்துளி விழும் வட்டங்களில் குவாண்டம் உலகத்தைக் காண்பவர். லாஸ் அலமோஸில் அவருடைய பெரிய சாதனை வேறு. நிர்வாகம். ஒரு ஹாம்பர்கர் கடைகூட நடத்தத் தெரியாதவர் என்று சக பேராசிரியர் ஒருவர் சொன்ன மனிதர் அவர். 1944 கோடையில் அவருக்கு விழுந்தது இடி. ரியாக்டரில் விளைந்த புளூட்டோனியத்தை எமிலியோ செக்ரேயின் குழு அளந்து பார்த்தபோது, அதில் கலந்திருந்த புளூட்டோனியம்-240 என்ற வகை தானாகவே பிளந்துகொண்டிருப்பது தெரிந்தது. துப்பாக்கிக் குழாய்போல இரண்டு துண்டுகளை மோதவைக்கும் வடிவமைப்பில் அது உரிய நேரத்துக்கு முன்பே பொசுங்கிவிடும். ஒரு வருஷ வேலையை ஜூலையில் தூக்கிப் போட்டார்கள். ஹான்ஃபோர்டில் அவ்வளவு பணத்தைக் கொட்டிக் கட்டிய ஆலை, பயன்படுத்த முடியாத சரக்கை உற்பத்தி செய்யப்போகிறது.

ஓப்பன்ஹைமர் செய்தது, சில வாரங்களில் ஆய்வுக்கூடத்தையே கலைத்துப் புதிதாக அடுக்கியது. செத் நெடர்மையர் ஒரு மூலையில் தனியாக முயன்றுகொண்டிருந்த உள்வெடிப்பு முறைக்கு, அதாவது சுற்றிலும் வெடிமருந்து வைத்துப் புளூட்டோனியக் கோளத்தை உள்நோக்கி நசுக்கும் முறைக்கு, ஆட்களை எல்லாம் திருப்பினார். ஜார்ஜ் கிஸ்டியாகோவ்ஸ்கியை வெடிமருந்துக்குப் பொறுப்பாக்கினார். டிரினிட்டி என்று பெயரிட்ட முதல் குண்டுச் சோதனைக்குச் சில நாள் முன்பு, வெடிமருந்து வார்ப்புகளில் காற்றுக்குமிழி இருந்ததைக் கண்ட கிஸ்டியாகோவ்ஸ்கி, பல் டாக்டர் வைத்திருக்கும் டிரில்லால் வெடிமருந்தைத் துளைத்துக் குமிழிகளை நிரப்பினார். சினிமாவுக்காகவே நடந்ததுபோன்ற காட்சி அது. படம் உள்வெடிப்பைக் காட்டுகிறது, சோதனை வெடிப்புகளைக் காட்டுகிறது. எதற்காக அந்தப் பாடு என்பதை நிறுத்திச் சொல்லவில்லை. அதனால் ஒரு நெருக்கடியில் எடுத்த முடிவு, சாதாரண வேலை முன்னேற்றம்போல நழுவிப்போகிறது.

படத்தைத் திட்டத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். டிரினிட்டி வெடிப்பில் ஒலியை நிறுத்திவைத்த துணிச்சலுக்கு எழுந்து நிற்கலாம். ஓப்பன்ஹைமர் இருந்த பதுங்குகுழி வெடித்த இடத்திலிருந்து 9 கிலோமீட்டர். நிஜத்தில் சத்தம் அரை நிமிஷத்துக்குள் வந்திருக்கும். நோலன் அதைவிட வெகுநேரம் நம்மைக் காத்திருக்க வைக்கிறார், அந்தப் பொய்யை மன்னித்துவிடலாம். ஹிரோஷிமாச் செய்தி வந்தபின் அரங்கத்தில் ஓப்பன்ஹைமர் பேசும் காட்சி, மரப்படிகளில் பூட்ஸ் கால்கள் தட்டும் சத்தம், கைதட்டலுக்கு நடுவே உரியும் ஒரு பெண்ணின் முகத்தோல் (நோலனின் மகள் நடித்தது), இதற்கு இணையாகச் சமீபத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. ஏழு ஆஸ்கரும் அதற்கே தரலாம். நம் ஊரில் இதெல்லாம் பேச்சாகவில்லை. கீதை வரும் படுக்கையறைக் காட்சிதான் பேச்சானது. நடிகை ஃப்ளாரன்ஸ் பியூவின் மேல் கணினியில் ஒரு கறுப்பு உடையைப் போர்த்தி அனுப்பினார்கள். குண்டுக்கு எந்தப் போர்வையும் தேவைப்படவில்லை.

இன்னொரு காட்சியில் 1939 செப்டம்பர் 1 வரும். ஓப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் ஹார்ட்லண்ட் ஸ்னைடரும் நட்சத்திரம் தன் எடையாலேயே உள்ளே இடிந்து விழுவதைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியான நாள். அதே நாளில் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்ததால் யாரும் கட்டுரையைக் கவனிக்கவில்லை. அந்தப் பாதையில் முதல் அடி வைத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில். போர்க்காலத்தில் சந்திரசேகர் மேரிலாந்தின் அபர்டீனில் அதிர்ச்சி அலைகளைப் பற்றி ராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். லாஸ் அலமோஸிலிருந்தும் அவருக்கு அழைப்பு வந்தது. பாதுகாப்பு அனுமதிக் காகிதம் தாமதமாகவே, போக நேரவில்லை. அரசாங்கக் கோப்பு மெதுவாக நகர்ந்ததற்கு நான் மனமார நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம் இது.

சரி, கோலிக்குண்டைவிட என்னை அதிகம் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். டிரினிட்டிக்குப் பிறகு குண்டுகளை லாரியில் ஏற்றுகிறார்கள். ஓப்பன்ஹைமர் ஓடிப்போய் ஓர் அதிகாரியிடம், ரொம்ப உயரத்தில் வெடித்தால் பலன் குறைந்துவிடும் என்று சொல்ல ஆரம்பிக்கிறார். அந்த அதிகாரி மரியாதையாக வெட்டிவிடுகிறார்: இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். லாரி போய்விடுகிறது. விஞ்ஞானி புழுதியில் நிற்கிறார். விஞ்ஞானம் முடிந்தது, ராணுவம் தொடங்கியது என்று படம் அங்கே ஒரு கோடு கிழிக்கிறது.

அந்தக் கோடு நிஜத்தில் இல்லை. எந்த ஊரில் போடுவது என்று முடிவு செய்யும் இலக்குக் குழு 1945 மே 10, 11 தேதிகளில் லாஸ் அலமோஸில் கூடியது, ஓப்பன்ஹைமரின் சொந்த அலுவலக அறையில். நிகழ்ச்சிநிரலில் முதலில் இருந்ததே வெடிக்கவேண்டிய உயரம்தான். கியோட்டோ, ஹிரோஷிமா என்று ஊர்ப்பெயர்களை அந்த அறையில்தான் அலசினார்கள். ஜூன் மாதம், மக்கள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டினால் ஜப்பான் பணிந்துவிடுமா என்ற கேள்விக்கு, நேரடி ராணுவப் பயன்பாட்டுக்கு ஏற்கத்தக்க மாற்று எதுவும் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்த நால்வரில் ஓப்பன்ஹைமர் ஒருவர். மற்றவர்கள் ஃபெர்மி, லாரன்ஸ், ஆர்தர் காம்ப்டன்.

ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில். உயரம் தானாக அமைவதில்லை. தரையில் வெடித்தால் குழி விழும், வேகம் மண்ணில் வீணாகும். மிக உயரத்தில் வெடித்தால் ஓடு மட்டும் பறக்கும். மர வீடுகள் மிக அதிகப் பரப்பில் சரிய வேண்டுமென்றால் எவ்வளவு உயரம் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அது டிசைன் நம்பர். அந்த வருஷம் முடிவதற்குள் 1,40,000 பேர் அளவில் இறந்ததில் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

இதுதான் எனக்குப் படத்தோடு உள்ள வழக்கு. ஓப்பன்ஹைமர் செய்யாத வேலைகளை, ஆலைகளை, ஆயிரக்கணக்கான கைகளின் உழைப்பை, ஒரு தொட்டிக்குள் சுருக்கி அவர் கையில் கொடுத்துவிடுகிறது. அவர் தன் மேஜையில் செய்த வேலையை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. பிறகு அமெரிக்க அதிபர் ட்ரூமனைச் சந்திக்கும் காட்சியில், கையில் ரத்தம் இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, அது ஒரு மென்மையான மனிதரின் மிகையான குற்றவுணர்ச்சிபோல நமக்குப் படுகிறது. ட்ரூமன் முரடராகத் தெரிகிறார். மக்கள் வெறுக்கப்போவது குண்டைச் செய்தவனை அல்ல, போடச் சொன்ன என்னை என்கிற அர்த்தத்தில் அவர் பேசுவதைக் கேட்டு, பாவம் ஓப்பன்ஹைமர் என்று தோன்றுகிறது. இலக்குக் குழுவைக் காட்டியிருந்தால் அந்தக் காட்சியின் எடையே மாறியிருக்கும்.

விலகியிருக்க முடியாதா? ஜோசப் ராட்பிளாட் என்ற போலந்துக்காரர் விலகினார். ஜெர்மனியிடம் குண்டு வராது என்று தெரிந்ததும், 1944 இறுதியில், பெட்டியைக் கட்டிக்கொண்டு லாஸ் அலமோஸை விட்டுப் போனார். பிற்பாடு மருத்துவ இயற்பியலுக்குத் திரும்பினார், 1995இல் அமைதிக்கான நோபல் பெற்றார். அவரைப் படத்தில் தேடினேன், காணோம். அவர் வந்தால் மற்றவர்கள் எல்லோரும் ஏன் இருந்தார்கள் என்ற கேள்வி வந்துவிடும்.

இருந்ததற்குக் காரணம் ஓப்பன்ஹைமரே சொல்லியிருக்கிறார், தன் பாதுகாப்பு அனுமதி பற்றிய 1954 விசாரணையில், சத்தியப் பிரமாணத்தின் கீழ்: தொழில்நுட்ப ரீதியில் இனிப்பான ஒன்றைக் கண்டால் செய்துவிடுகிறோம், வெற்றி கிடைத்த பிறகுதான் அதை என்ன செய்வது என்று விவாதிக்கிறோம். எனக்கு இந்த இனிப்பு தெரியும். ஒரு நெடுநாள் கசிவு நின்றதும், ஒரு ரியாக்ஷன் எதிர்பார்த்த விகிதத்தைத் தொட்டதும், லாக் புக்கில் எழுதும்போது வருகிற அது. என் பொருள் எந்த வயலுக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று அந்த நேரத்தில் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

படத்தின் மூன்றாவது மணி நேரம் அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த லூயிஸ் ஸ்ட்ராஸின் வன்மத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ராபர்ட் டவுனி ஜூனியர் நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிபோவதும், 1959இல் ஸ்ட்ராஸ் மந்திரிப் பதவிக்கான செனட் வாக்கெடுப்பில் 49க்கு 46 என்று தோற்பதும் பழிக்குப் பழி கதையாக விறுவிறுவென்று போகிறது. அண்ணன் கண்ணயர்ந்தது இங்கேதான். எனக்கும் மனம் நிற்கவில்லை. ஒருவருடைய பதவி போனதைப் படத்தின் பெரிய சோகமாக்கும்போது மற்ற சோகங்கள் பின்வரிசைக்குப் போகின்றன.

பின்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்றால், அன்று பெல்ஜியத்தின் கையில் இருந்த காங்கோவில் ஷின்கோலோப்வே சுரங்கத்தில் தாது வெட்டியவர்கள். திட்டத்துக்குக் கிடைத்த யுரேனியத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. படத்தில் அந்தப் பெயரே வராது. ஆலைக்காகக் குறுகிய நோட்டீஸில் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் ஊர்க்காரர்கள். அங்கே 177 தொட்டிகளில் கிடக்கும் கதிரியக்கக் கழிவை இன்னும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

டிரினிட்டி நடந்த இடத்தைப் படம் வெற்றுப் பாலைவனமாகக் காட்டுகிறது. சுற்றிலும் பண்ணைகள் இருந்தன, ஊர்கள் இருந்தன. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தவர்களின் கூரைமேல் சாம்பல் விழுந்தது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை அமெரிக்கா 1990இல் கொண்டுவந்தபோது நெவாடா சோதனைகளின் காற்றுவாக்கில் இருந்தவர்களைச் சேர்த்தார்கள், நியூ மெக்சிகோவின் டிரினிட்டிக்காரர்களைச் சேர்க்கவில்லை. அனுமதியைப் பறித்த 1954 தீர்ப்பு செல்லாது என்று அமெரிக்க எரிசக்தித் துறை ஓப்பன்ஹைமரின் பெயரைத் துடைத்துக் கொடுத்தது 2022 டிசம்பரில். டிரினிட்டிக்காரர்கள் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வந்தது 2025 ஜூலையில். முதல் குண்டைப் பார்த்த தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.